படலைக்கு ஒரு கொழுக்கி

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வேலியைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. கிளுவையையும் பூவரசையும் கதியாலாக நட்டு, கிடுகு வைத்து வரிந்து கட்டி வளர்ந்த சனம் நாங்கள். வேலியடைப்பு முடிந்த மறுநாளே பக்கத்து வளவுக்காரர் அளவு நாடாவோடு வந்துவிடுவார். வராமல் என்ன செய்வார்? பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டு நடுகிற புதுக் கதியால் ஒருநாளும் பழைய குழிக்குள் இறங்குவதில்லை. நாலு விரல் அந்தப்பக்கம் தள்ளித்தான் இறங்கும். நாலு விரல் காலப்போக்கில் ஒரு முழமாகும். முழம் வழக்காகும். வழக்கு பேரப்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும்.

ஆனால் படலைக்கு நாங்கள் அப்படி மினக்கெட்டதில்லை. வசதியான வீடென்றால் சங்கடப் படலை இருக்கும்: மேலே கூரை, பக்கத்தில் திண்ணை, வழிப்போக்கர் குடிக்க ஒரு பானைத் தண்ணீர். மற்ற வீடுகளில் தகரத்திலோ பலகையிலோ ஒரு படலை, அதைக் கட்டையோடு பிடித்து வைக்க ஒரு கம்பி வளையம். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அந்த வளையமும் தேவைப்படாது. வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, தேங்காய் கடன் வாங்கிக்கொண்டு, வந்த வழியே போய்விடுவார். காசு கொடுத்துக் கொழுக்கி வாங்கிய ஒருவரைப் பற்றி எங்கள் பரம்பரையில் நான் கேள்விப்பட்டதில்லை.

ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டில் வெள்ளை வைனில் வேலியும் பக்கவழிக்கு ஒரு படலையும் முன்பே இருந்தன. வைனில் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். ஊரில் கிணற்றுத் தண்ணீர் இழுக்கத் தாட்ட பிவிசி குழாய் இருக்கிறதல்லவா, அதன் கூடப்பிறந்த சகோதரம்தான். கனடாவுக்கு வந்து வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு நிற்கிறது. 1872இல் ஓய்கன் பௌமான் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் கண்ணாடிக் குடுவையில் இருந்த வைனில் குளோரைட் வாயு, வெயில் பட்டு வெள்ளைத் திண்மமாக மாறிக் கிடந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று அரை நூற்றாண்டுக்கு யாருக்கும் தெரியவில்லை. 1926இல் அமெரிக்கரான வால்டோ செமோன் அதை வளையப் பழக்கிய பிறகுதான் அது உலகத்தை வளைத்துப் போட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெயிலில் பிறந்த அந்தப் பொருளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் வேலி செய்கிறவர்கள் டைட்டானியம் டைஒக்சைட்டைக் கலக்கிறார்கள். அந்தப் பளீர் வெள்ளையும் அதன் உபயம்.

படலை இருந்தது, கொழுக்கி இல்லை. காற்று வீசினால் இரவு முழுக்கப் படலை அடித்துக்கொண்டே இருக்கும். "ஆரோ வந்திருக்கினம், எழும்பிப் பாருங்கோ தம்பி" என்று மாமி கதவைத் தட்டுவார். கொக்குவிலில் வாழ்ந்து பழகியவருக்குப் படலைச் சத்தம் கேட்டால் ஆள் வந்திருக்கவேண்டும். காற்று என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணிக்குக் கேத்தில் கொதிக்கத் தொடங்கிவிடும்.

கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கக் கொழுக்கிகள். தன் பாரத்தில் தானே விழுந்து பிடிப்பது, பெருவிரலால் அமத்துவது, திறப்புப் போட்டுப் பூட்டுவது, காந்தத்தால் இழுத்துப் பிடிப்பது. காந்தக் கொழுக்கி அவுஸ்திரேலியர்களின் கைங்கரியம். அங்கே வீட்டுக்கு வீடு நீச்சல் குளம். சின்னப்பிள்ளைகள் தனியே குளத்தடிக்குப் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் பிறந்த சரக்கு அது. அதைப் பூட்டுவதற்கு ஒரு உயரக் கணக்கும் இருக்கிறது. திறக்கிற பிடி பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் நிலத்திலிருந்து குறைந்தது 54 அங்குலத்தில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க நீச்சல்குள விதி. எங்கள் வீட்டில் நீச்சல் குளம் இல்லை. மாமி இருக்கிறார். அவருடைய முழு உயரமே 57 அங்குலம். பிள்ளைகளை வெளியே நிறுத்துகிற கொழுக்கி மாமியை உள்ளே நிறுத்திவிடும் என்று விளக்கினேன். மனைவி என் முகத்தையே பார்த்தாள், அதில் கவலையைத் தேடுகிறவளைப் போல. பாரத்தில் விழுகிற கொழுக்கியையே எடுத்துக்கொண்டு வந்தேன்.

வைனில் கட்டை பார்வைக்குத்தான் தூண். தட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று. சுவரின் தடிப்பு மூன்று நாலு மில்லிமீற்றர். அதில் திருகாணியைப் பூட்டினால் கடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டே நிற்கும். குளிர் நாளில் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வெடிப்பு விழும். கட்டையின் தொப்பியைக் கழற்றி, மேலிருந்து ஓர் அலுமினியச் சட்டத்தை உள்ளே இறக்கி, முன்துளை போட்டு, ஆணி அந்தச் சட்டத்தைக் கவ்வும்படி பூட்டவேண்டும். கொழுக்கிப் பெட்டிக்குள் இருந்த துண்டுப் பிரசுரம் இதையெல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மறைத்து வைத்திருந்தது. படத்தில் ஓர் ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் வீட்டுப் படலை மரத்தாலானது.

மகளின் பிறந்தநாளுக்கு வந்த ஆண்கள் எல்லோரும் கேக் வெட்டும் முன்பே படலையடிக்குப் போய்விட்டார்கள். கணக்காளர் ஒருவர் நீர்மட்டத்தை வாங்கிக் குமிழியை உற்றுப் பார்த்து, வரி அறிக்கை பார்த்த முகத்தோடு திருப்பித் தந்தார். பஸ் ஓட்டுகிற என் மச்சானோ பெட்டிக்குள் இருந்த ஆணிகளை எடுத்துப் பார்த்தார். தலையில் நட்சத்திரப் பள்ளம். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒன்ராறியோவில இருந்துகொண்டு இந்த ஆணியையோ பூட்டப் போறீர்?"

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. தலையில் சதுரக் குழி வைத்த திருகாணி 1908இல் பீற்றர் ரொபேட்சன் என்ற கனடியரின் மூளையில் உதித்தது. தொழிற்சாலை இங்கே பக்கத்தில் மில்டனில் இருந்தது. திருகி அதற்குள் இறுகி நிற்கும், வழுக்கி வந்து கையைக் கிழிக்காது. கார்க்காரர் ஹென்றி போர்ட் அதன் உரிமையைக் கேட்டபோது ரொபேட்சன் மறுத்துவிட்டார். அதன் பலன், எல்லைக்கு அந்தப்பக்கம் நட்சத்திரம், இந்தப்பக்கம் சதுரம். குடியுரிமைப் பரீட்சையில் இதை ஒரு கேள்வியாக வைக்கவேண்டும் என்பது மச்சானின் கட்சி. காரிலிருந்து சிவப்புப் பிடி போட்ட திருகியையும் சதுர ஆணிகளையும் கொண்டுவந்து தந்தார். பூட்டி முடிந்தது. தள்ளினால் 'டக்'. ஆளாளுக்குத் தள்ளிப் பார்த்தார்கள், 'டக்', 'டக்'. மெழுகுதிரி உருகி கேக்கில் வழிகிறது என்று உள்ளேயிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள்.

இரவில் குப்பை தேடி வருகிற ரக்கூனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ரொறன்ரோ நகரசபை 2016இல் ரக்கூன் திறக்க முடியாத பூட்டு வைத்த பச்சைக் குப்பைத் தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது. செலவு 3.1 கோடி டொலர். சில ரக்கூன்கள் அதையும் படித்துத் தேறிவிட்டன. எங்கள் ரக்கூன் கொழுக்கியை நின்று பார்த்துவிட்டு, வேலிக்கு மேலால் ஏறிப் போனது.

ஒக்ரோபரில் 'டக்' என்ற கொழுக்கி ஜனவரியில் வாயைத் திறக்கவில்லை. படலையிலிருந்த நாக்கு கட்டையிலிருந்த வாய்க்குக் கீழே போய் இடித்துக்கொண்டு நின்றது. இங்கே குளிர்காலத்தில் நிலம் சும்மா கிடப்பதில்லை. களிமண்ணில் ஊறிய ஈரம் உறைந்து, கீழேயிருந்து இன்னும் தண்ணீரை இழுத்து, பனிப்பாளமாகத் தடித்து, மண்ணைக் கட்டையோடு சேர்த்து மேலே தூக்கும். அந்தக் குளிர் எட்டாத ஆழம் இந்தப் பகுதியில் ஏறக்குறைய 4 அடி. யாரோ குழி வெட்டியவர் அதற்கு முன்பே களைத்திருக்கிறார். போதாததற்கு, கோடையின் 35 பாகைக்கும் மாரியின் கழித்தல் 20 பாகைக்கும் இடையில் 4 அடி வைனில் 4 மில்லிமீற்றர் சுருங்கும். வசந்தத்தில் கட்டை திரும்ப இறங்கும். முழுக்க இறங்காது, நேராகவும் இறங்காது.

மாமிக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. எல்லைக் கட்டை இடம் மாறியிருக்கிறது. யார் மாற்றினது?

"பக்கத்து வீட்டுக்காரன் இரவில வந்து அசைச்சிருக்கிறான்."

"அவர் நவம்பரிலயே புளோரிடாவுக்குப் போயிட்டார், மாமி."

"அப்ப ஆள் வைச்சுச் செய்திருக்கிறான்."

ஒன்ராறியோவில் எல்லை வேலித் தகராறுக்கென்றே ஒரு சட்டம் இருப்பதையும், பல ஊர்களில் வேலி பார்ப்பதற்கென்றே ஆட்களை நியமித்திருப்பதையும், மூன்று பேராக வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்பதையும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேலி பாக்கிறதுக்குக் காசு குடுக்கினமோ? எங்கட ஊரில ஊரே சும்மா நிண்டு பாக்குமே."

கொழுக்கி செய்தவன் புத்திசாலி. ஆணி போகும் துளையை நீளவாக்கில் வெட்டியிருக்கிறான். சதுர ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, வாயைக் கீழே இறக்கி, மறுபடி இறுக்கினால் 'டக்' வந்துவிடும். மாரிக்கு இறக்கம், கோடைக்கு ஏற்றம். 4 அடிக்குக் கிண்டிக் கொங்கிறீற் போடச் சொல்லி மச்சான் நிற்கிறார். ஒரு கயிறு போதும் என்பது மாமியின் கருத்து. தொழில்நுட்பரீதியாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏப்ரலில் பக்கத்து வீட்டு இத்தாலியர் வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார். நான் வாயை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலியின் மேலால் எட்டிப் பார்த்தவர் கட்டையைக் கையால் தடவி, அது தன் பக்கம் ஓர் அங்குலம் சாய்ந்துவிட்டது, இந்த மண்ணே இப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போனார்.

மாமி யன்னலடியில் நின்றிருந்தார். "என்னவாம்?"

"கட்டை அவற்ற பக்கம் ஒரு அங்குலம் போயிட்டுதாம்."

"அவன்ர பக்கமோ? அப்ப அந்த ஒரு அங்குலம் எங்களுக்கெல்லே! நீங்கள் ஒண்டும் கதைக்காமல் உள்ள வாங்கோ."