வீட்டில் ஒரு விஞ்ஞானி உருவாகாமல் தடுப்பது எப்படி?

திருச்சி, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் வட்டாரத்துப் பெற்றோருக்காக எழுதியது இது. மற்ற ஊர்க்காரர்களும் படிக்கலாம்; ஆனால் நமக்குத்தான் ஆபத்து அதிகம். 1888 நவம்பர் 7-ம் தேதி திருவானைக்காவலில் பிறந்த ஒரு பிள்ளை, பதினெட்டு வயதில் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் வாங்கி, கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகப் போய் உட்கார்ந்தது. நம் குடும்பங்கள் இன்றைக்கும் கனவு காணும் உத்தியோகம். பத்து வருஷத்தில், சம்பளம் குறையும் என்று தெரிந்தே, அதை உதறிவிட்டு வாத்தியார் வேலைக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நோபல் பரிசு கிடைத்தது உண்மைதான். எல்லார் வீட்டுக்கும் அது வருமா?

முதல் அறிகுறி பெரும்பாலும் கோயிலில்தான் தெரியும். ஜம்புகேஸ்வரர் சந்நிதி அப்பு ஸ்தலம். லிங்கத்தின் அடியில் நீர் ஊறும். எல்லாரும் கும்பிட்டுவிட்டு நகரும்போது பையன் மட்டும் நின்று, "காவிரி வத்தின மாசத்துலயும் இதே அளவுதான் ஊறுமாப்பா?" என்பான். கவனியுங்கள், அவன் 'ஏன்' என்று கேட்கவில்லை. 'ஏன்' பாதகமில்லாத கேள்வி. எந்தப் பதிலைச் சொன்னாலும் குழந்தைகள் போய்விடும். 'எவ்வளவு', 'எப்போது கூடும், எப்போது குறையும்' என்பவைதான் விவகாரமான கேள்விகள். அவற்றுக்கு வரும் பதில் நாம் சொன்னதைப் பொய்யாக்கிவிடக்கூடும். விட்டால் மாதாமாதம் மட்டம் குறித்துத் தரும்படி குருக்களைக் கேட்பான். முக்கொம்பில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்ற கணக்கைத் தேடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவான். ஆரம்பத்திலேயே "சாமி விஷயத்துல விளையாடாத, கன்னத்துல போட்டுக்கோ" என்று சொல்லிவிடுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு இதிலேயே குணமாகிவிடும்.

மலைக்கோட்டைக்கு அழைத்துப்போனால் கைபேசியைக் கையில் கொடுத்தே ஏற்றுங்கள். படிகள் எத்தனை என்று நாலு பேரைக் கேட்டால் நாலு எண்ணிக்கை சொல்கிற ஊர் இது. சும்மா ஏறுகிற பிள்ளை எண்ண ஆரம்பிக்கும். எண்ணினால்கூடப் பரவாயில்லை, "எங்கேர்ந்து எண்ணணும்? மாணிக்க விநாயகர் வாசப்படி சேர்த்தியா?" என்று அளவுக்கு முன்னால் அளவின் இலக்கணத்தைக் கேட்கும். பிறகு தங்கையைத் தனியாக எண்ணச் சொல்லி, தன் எண்ணிக்கையை அவளிடம் சொல்லாமல் மறைத்து வைக்கும். அதுவும் போதாதென்று, இந்தப் பாறைக்கு 380 கோடி வயது என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, எந்தத் துண்டை எடுத்து எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள் என்று விசாரிக்கும். "இன்டர்நெட்ல போட்ருக்கான்" என்பது இதற்கு உரிய பதில். குரலில் உறுதி முக்கியம்.

தஞ்சாவூருக்குப் போவதைக் கூடுமானவரை தவிருங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நமக்குச் சொன்னார்கள், நாமும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அந்த நிழல் தினமும் விழுகிறது. சாயங்காலம் பிராகாரத்தில் அந்த நிழலிலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு, நிழலே விழாத அதிசயத்தைப் பேசிக்கொண்டே பஸ் ஏறுகிறவர்கள் நாம். பிள்ளை கீழே குனிந்து பார்த்துவிட்டால் நம் வார்த்தைக்கு வீட்டில் என்ன மதிப்பு இருக்கும்?

இனி அந்தத் திருவானைக்காவல் பிள்ளையின் கதை. எச்சரிக்கைக்காகத்தான் சொல்கிறேன். 1921 செப்டம்பரில் சந்திரசேகர வெங்கட ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடல் கருநீலமாகத் தெரிந்தது. அது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே பிரபு எப்போதோ சொல்லியாயிற்று. ராலே 1904-லேயே நோபல் வாங்கியவர், வானம் ஏன் நீலம் என்பதற்குக் கணக்குப் போட்டவர். நாமாக இருந்தால் "பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சாய்வு நாற்காலியில் படுத்திருப்போம். இந்த மனிதர் நிக்கோல் பட்டகம் ஒன்றை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போனார். நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தப் பட்டகத்தைத் திருப்பி அணைத்துவிடலாம். ராலே சொன்னது சரியென்றால் நீலமும் கூடவே மறைய வேண்டும். மறையவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீலம் தண்ணீரிலிருந்தே, அதன் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது என்று முடிவு செய்தார். பம்பாய் வந்து சேர்ந்ததும் 'நேச்சர்' இதழுக்குக் குறிப்பை அனுப்பிவிட்டார். பெரியவர்களை மதிக்கத் தெரியாவிட்டால் இப்படித்தான்.

அதோடு விட்டாரா? 1923-ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கே. ஆர். ராமநாதன், நீரில் சிதறிய ஒளியோடு வேறு நிறத்தில் ஒரு மங்கலான கீற்றும் வருவதைக் கண்டார். தண்ணீரில் அழுக்கு இருக்கும் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். கீற்று போகவில்லை. புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் 'பிழை' என்று ஓரத்தில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் அந்தப் பிழையையே ஐந்து வருஷம் துரத்தினார்கள். 1928 பிப்ரவரி 28-ம் தேதி கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து விஷயத்தை உறுதி செய்தபோது, ஒரு திரவத்தில் தெரிந்தால் போதாது என்று அறுபது திரவங்களில் பார்த்திருந்தார்கள். அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஷ்டாமும் படிகங்களில் அதே விளைவைக் கண்டார்கள். உண்மையாக இருந்தால் இன்னொருவன் கண்ணுக்கும் அது தெரியும், நம் குடும்ப ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. இதுவும் இந்தத் தொழிலில் ஒரு தொல்லை.

பெண் குழந்தை என்றால் தடுப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். ராமனே அப்படித்தான் நினைத்தார். 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் இயக்குநராக இருந்தபோது, கமலா பாகவத் என்ற பெண்ணுக்கு, பெண் என்பதாலேயே இடம் தர மறுத்தார். அந்தப் பெண் நகரவில்லை. ராமன் ஒரு வருஷம் தகுதிகாண் மாணவியாக வைத்துப் பார்த்தார். அந்தப் பெண்ணின் வேலையைக் கண்டு முழுதாகச் சேர்த்துக்கொண்டார், அதன்பின் மற்றப் பெண்களையும். கிடைத்த சான்றுக்கு முன்னால் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது அந்த இடத்தில். மாற்றிக்கொள்ளாததும் உண்டு: படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் பார்னோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டார், பின்னால் வந்த சோதனைகள் பார்ன் பக்கம்தான் நின்றன. நோபல் வாங்கியவர் என்பதற்காகப் படிகம் வேறு மாதிரி அதிரவில்லை.

ஸ்ரீரங்கவாசிகளுக்கு அலமாரியிலும் கவனம் வேண்டும். இந்த ஊரில் வளர்ந்து, செயின்ட் ஜோசப்ஸில் இயற்பியல் படித்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற சுஜாதா, ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று பதில் சொல்லிப் பல பிள்ளைகளைக் கெடுத்தவர். அப்துல் கலாமும் அதே கல்லூரிதான். தாத்தாவின் பழைய பைண்டிங் எதுவும் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தால் பயப்படாதீர்கள், அது பத்திரமான இடம். முதல் நாள் ராத்திரி அப்பா தெர்மாகோலில் எரிமலை செய்வார், பையன் ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிப்பான், ஆப்ப சோடாவும் வினிகரும் பொங்கும், சர்டிபிகேட் வரும். முடிவு முன்கூட்டியே தெரிந்த எதையும் செய்ய விடலாம். கோச்சிங் சென்டரும் அதேபோல்தான்: நாலு விடையில் ஒன்று கட்டாயம் சரி.

இத்தனைக்கும் பிறகு, ஒரு நாள் பையன் மூன்றடிக் குச்சியும் டேப்பும் எடுத்துக்கொண்டு ராஜகோபுரத்துக்குக் கிளம்பலாம். குச்சியின் நிழலையும் கோபுரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்தால் உயரம் வந்துவிடும். கோபுர உச்சி அடித்தளத்தின் நடுவில் இருப்பதால் பாதி அகலத்தைக் கூட்ட வேண்டும் என்பதையும் அவனே கண்டுபிடித்துவிடுவான். புத்தகத்தில் 236 அடி. அவனுக்கு அது வராது. புத்தகத்தைப் பார்த்துத் தன் எண்ணை அடித்துத் திருத்தினால் கவலையில்லை, பிள்ளை பிழைத்தது. திருத்தாமல், "கலசத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா? நிழல் ஓரம் ஏன் மங்கலா இருக்கு? நாளைக்கு இன்னொரு வாட்டி அளக்கறேன்" என்றால் காலம் கடந்துவிட்டது. அதற்கப்புறம் என்னிடம் யோசனை கேட்டு வராதீர்கள்.