ஏமாற்றப் பட்டியலைப் பென்சில்ல எழுது!

இன்னா பேராண்டி, 2024-க்குப் பட்டியல் போட்டுட்டியாமே! ‘மனசுக்குப் பிடிச்ச ஆல்பம்’னு ஒரு பக்கம், ‘ஏமாத்தின ஆல்பம்’னு இன்னொரு பக்கம், நடுவுல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு. உங்கப்பன் சீட்டுக் கணக்கைக்கூட இவ்ளோ சுத்தமா எழுதினவன் இல்ல. பிடிச்சதுக்கு ஆளுக்கு ஒரு வரி. பிடிக்காததுக்கு ஆளுக்கு ஒரு பாரா. அதுலயே உன் உழைப்பு தெரியுது. சபாஷ்!

எனக்கு இன்னா தெரியும் பாட்டைப் பத்தி? ஆவடி டேங்க் பேக்டரிக்குக் காதைக் குடுத்துட்டு பென்ஷனை வாங்கிக்கினு வந்தவன். ஆனா ‘பெரிசு, எப்படி இருக்குது?’ன்னு நீயா கேட்டுட்ட. கேட்ட பிறகு யோசனை சொல்லாம எழுந்து போனா நான் இன்னா பெரிசு?

மொதல்ல உன் ஏமாற்றப் பக்கம். தலைமாட்டுல ‘இந்தியன் 2’. ‘1996-ல ரகுமான் போட்ட மாதிரி இல்ல, அனிருத் கெடுத்துட்டாரு’ன்னு எழுதியிருக்கிற. எழுதுப்பா. ஆனா 1996-ல நீ பொறக்கவே இல்ல. அப்போ எங்க தெருப் பெரிசுங்க ரகுமானைப் பத்தி இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘இது பாட்டா, கம்ப்யூட்டர் சத்தம்! வார்த்தையே காதுல விழல.’ இருபத்தெட்டு வருஷம் கழிச்சு நீ அதே புலம்பலை எடுத்து, பேரை மட்டும் மாத்தி, அனிருத்துக்குப் போட்டிருக்கிற. நம்ம வம்சத்துல ஒரு பொருளும் வீணாப் போகாதுடா.

அந்தப் படத்துல மெய்யான இழப்பு பாட்டுல இல்ல. நம்ம பூந்தமல்லிக்குப் பக்கத்துல, ஈவிபி பிலிம் சிட்டி செட்டுல, 2020 பிப்ரவரி 19-ந் தேதி ராத்திரி கிரேன் சாஞ்சு மூணு பேர் செத்தாங்க. அத்த நெஞ்சுல வெச்சுக்கினு, அப்புறமா டூயட்டு சரியில்லன்னு திட்டு. கொஞ்சம் அளவாத் திட்டுவ.

ரெண்டாவது ‘கோட்’. 2003-ல ‘புதிய கீதை’க்கு அப்புறம் யுவனும் விஜய்யும் சேர்றாங்கன்னு நீ எத்தினி வருஷமாக் காத்துக்கினு இருந்த! நீ ஏமாந்தது பாட்டால இல்லடா, பரிமாறின விதத்தால. பந்தியில இலையைப் போட்டு உக்கார வெச்சுட்டு, ஏப்ரல்ல ஊறுகா, ஜூன்ல அப்பளம், ஆகஸ்டுல ஒரு கரண்டி கூட்டு, செப்டம்பர்ல சோறுன்னு வெச்சா எவன் வயிறு நிறையும்? இப்பல்லாம் ஆல்பம்னு ஒண்ணு வர்றதே இல்ல. சிங்கிள் வருது, அதுக்கு முன்னால புரோமோ வருது, புரோமோ எப்ப வரும்னு போஸ்டர் வருது. நீ போஸ்டருக்கே அழுது, புரோமோவுக்கே ஆடி, பாட்டு வர்றப்போ களைச்சுப் போயிடற. களைச்சுப் போனவன் போடற மார்க்குல நியாயம் எங்கேர்ந்து வரும்?

இருந்தாலும் அந்த ‘சின்னச் சின்னக் கண்கள்’ என்னைத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பவதாரிணி 2024 ஜனவரியில காலமாச்சு, ஜூன்ல பாட்டு வருது. ‘லால் சலாம்’ல பம்பா பாக்கியா பாடறாரு, அவரு போனது 2022. கூடவே சாகுல் ஹமீது, அவரு போனது தொண்ணூறுகள்ல. ‘வேட்டையன்’ல மலேசியா வாசுதேவன், அவரு போனது 2011. எல்லாம் ஏஐ மகிமையாம். ‘லால் சலாம்’ பாட்டுக்குக் குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் குடுத்துத்தான் செஞ்சோம்னு ரகுமான் சொன்னாரு. நல்ல விஷயம்தான். எனக்குக்கூட ஒரு தெம்பு வந்துச்சு. நான் உசுரோட இருக்கேன்னு ஒவ்வொரு நவம்பரும் சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் பென்ஷன் வருது. இவங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்ல, சான்சும் தேடி வருது. பாட்டு கத்துக்கினு சான்ஸ் தேடற பிள்ளைங்களுக்குத்தான் இன்னா யோசனை சொல்றதுன்னு புரியல. நீ இந்த நாலு பேரையும் ‘சிறந்த வரவு’ன்னு எழுதாம விட்டது உன் பட்டியல்ல பெரிய குறை.

அடுத்தது ‘கங்குவா’. ‘இரைச்சல்’னு ஒரே வார்த்தையைத்தான் பாரா முழுக்க எழுதியிருக்கிற. தியேட்டர்ல சத்தத்தை ரெண்டு பாயின்ட் குறைங்கன்னு தயாரிப்பாளரே சொல்ல வேண்டியதாப் போச்சு, அதனால உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பாவம், பாட்டு போட்ட தேவிஸ்ரீ பிரசாத்தையும் சேர்த்து அதே வார்த்தையில அடிச்சிருக்கிற. சத்தம் வேற, பாட்டு வேறடா. இத்த டேங்க் பேக்டரியில இருந்தவன் சொல்றேன், நம்பு. ‘கங்குவா’ பாட்டைக் கேக்கறதுக்குன்னே தீபாவளி போனஸ்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கினியே, அத்தப் பத்தி அப்புறம் பேசலாம்.

சரி, பிடிச்ச பக்கத்துக்கு வரேன். ‘அமரன்’ல ‘ஹே மின்னலே’ போட்டிருக்கிற. ஒத்துக்கறேன். ஆவடியிலேர்ந்து பூந்தமல்லி போற ஷேர் ஆட்டோவுல அத்தக் கேட்டேன். முன்னால டிரைவர் பக்கத்துல அரை சீட்டுல தொங்கிக்கினு இருந்த பையன்கூட முணுமுணுத்தான். ஜி.வி.பிரகாஷுக்கு அதைவிடப் பெரிய அவார்டு எவனும் குடுக்க முடியாது. ‘தங்கலான்’, ‘ராயன்’ எல்லாம் உன் இஷ்டம், நான் குறுக்கே வரல.

‘மெய்யழகன்’ கிட்ட மட்டும் ஒரு சந்தேகம். கமல் பாடினதைக் கேட்டு ‘காரணமே தெரியாம அழுதேன்’னு எழுதியிருக்கிற. தஞ்சாவூரை விட்டு வந்தவனோட கதை அது. நீ பொறந்தது அம்பத்தூரு, படிச்சது ஆவடி, வேலை பார்க்கறது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல. நீ எந்த ஊரை விட்டு வந்த, இப்படி அழறதுக்கு? நானும் யோசிச்சேன். நாம எங்கியும் போகலதான். ஊருதான் நம்மள விட்டுட்டுப் போயிடுச்சு. வயலு பிளாட்டாச்சு, களம் பார்க்கிங்காச்சு. சரி, அழுதது நியாயம். அந்த மார்க்கைக் குறைக்காத.

இப்ப நிஜமான கேள்வி. 2024 முழுக்க நம்ம ஊர்ப் பக்கம் எந்தப் பாட்டு ஓடுச்சு? பிப்ரவரியில ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’னு மலையாளப் படம் வந்துச்சு. தியேட்டருல எல்லாரும் கை தட்டினது ‘குணா’ பாட்டுக்கு. அது 1991. ஏப்ரல்ல ‘கில்லி’யை மறுபடி ஓட்டினான், திரைக்கு முன்னால ஏறி ஆடினாங்க. வித்யாசாகர் பாட்டு, 2004. செப்டம்பர்ல ‘லப்பர் பந்து’. படத்துக்குப் பாட்டு போட்டவர் ஷான் ரோல்டன். ஆனா கிரிக்கெட் கிரவுண்டு கிரவுண்டா ஓடினது விஜயகாந்தோட ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு, 1989. இந்த மூணும் உன் பட்டியல்ல இல்ல. கேட்டா ‘அது பழசு பெரிசு’ம்ப. உன் போன்ல எது அதிகமா ஓடுச்சுன்னு அந்த ஸ்பாட்டிஃபைகாரனையே கேளு, அவன் பொய் சொல்ல மாட்டான்.

இங்கதான் சூட்சுமம் இருக்குது, கவனி. 1989-ல உன்ன மாதிரி ஒரு பேராண்டி இதே அம்பத்தூர்ல உக்காந்து பட்டியல் போட்டிருந்தா இன்னா எழுதியிருப்பான்? ‘கரகாட்டக்காரன்’, ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘வருஷம் 16’, ‘ராஜாதி ராஜா’, ‘புதுப்புது அர்த்தங்கள்’, ‘வெற்றி விழா’. எல்லாம் ஒரே வருஷம், எல்லாத்துக்கும் ஒரே இளையராஜா. அந்தக் கூட்டத்துல ‘பொன்மனச் செல்வ’னுக்கு நிக்க இடம் கிடைச்சிருக்குமா? 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாள்ல வந்துச்சு. பட்டியல் போட்டவன் ‘தளபதி’யை மேல தூக்கி வெச்சிருப்பான், ஓடாத ‘குணா’வை ஏமாற்றப் பக்கத்துல தள்ளியிருப்பான். முப்பத்திமூணு வருஷம் கழிச்சு கேரளாக்காரன் வந்து எடுத்துக்கினு போய் ஜெயிச்சான்.

நீ இன்னான்னா வருஷம் முடியறதுக்குள்ளயே கணக்கை முடிச்சுட்ட. டிசம்பர் முதல் வாரம் ஸ்பாட்டிஃபை தன் பட்டியலைப் போட்டான், நீயும் பின்னாலயே போட்டுட்ட. எண்பத்தொரு வயசுல இளையராஜா பாட்டு போட்ட ‘விடுதலை’ ரெண்டாம் பாகம் தியேட்டருக்கு வந்தது டிசம்பர் 20. அவரே அவசரப்படல, உனக்கு இன்னா அவசரம்?

பட்டியல்னா எங்க காலத்துல ரெக்கார்டிங் கடையில குடுக்கற சீட்டுதான். 60 கேசட்டுல பன்னெண்டு பாட்டு, மிஞ்சினா பதிமூணு. அதுக்கு மேல டேப்பும் இடம் குடுக்காது, சட்டைப் பையும் இடம் குடுக்காது. பதினாலாவது பாட்டு வேணும்னா ஏற்கெனவே எழுதினதுல ஒண்ணை அடிக்கணும். அடிக்கறப்போ கை நடுங்கும் பாரு, அதுதான் விமரிசனம். நீ காசும் குடுக்காம, எதையும் அடிக்காம, எல்லாத்தையும் கேட்டுட்டு ஏமாந்தேன்னு சொல்ற. காசு குடுக்காதவன் எப்படிடா ஏமாறுவான்?

மார்க்கு போடறவங்க வேற இருக்காங்க. மஞ்சத்தண்ணி சடங்கு மண்டபத்துல சோறு போடறப்போ ஓடற பாட்டு, சாவு ஊர்வலத்துல பேண்டுக்காரன் எடுத்து விடற பாட்டு, திருவேற்காட்டுத் திருவிழா ஸ்பீக்கர்ல வர்ற பாட்டு. எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா எந்த வருஷப் பட்டியல்லயும் கிடையாது. ஆனா ஆடி மாசம் மொத்தமும் அவங்க பேருக்குப் பட்டா போட்டாச்சு, எந்தச் சிங்கிளாலயும் காலி பண்ண முடியல.

அதனால கிழிச்செல்லாம் போடாத. பிடிச்ச பக்கத்தைப் பேனாவுல எழுது, பிடிச்சது பிடிச்சதுதான். ஏமாற்றப் பக்கத்தை மட்டும் பென்சில்ல எழுதி, தேதி போட்டு, பீரோவுல துணிக்கு அடியில வை. 2034 பொங்கலுக்கு எடுத்துப் பாரு. அதுல ஒண்ணாவது உன் கல்யாண வீடியோவுல ஓடியிருக்கும், பந்தயம்.

அதுவரைக்கும் அந்தக் ‘கங்குவா’ ஹெட்போன் உனக்கு எதுக்கு? ஏமாத்திடுச்சுன்னு நீயே எழுதிட்ட இல்ல, இப்படிக் குடு. சார்ஜரையும் சேர்த்து.