அவல விளி இயல்

தொல்காப்பியருக்குத் தந்தி அடிக்கத் தெரியாது என்பவர்கள் அவருடைய விளிமரபு இயலைச் சரியாகப் படிக்காதவர்கள். தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடும்போது எழுத்து தன் அளவைத் தாண்டி நீளும் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். ஐயம் உள்ளவர்கள் எங்கள் ஊரான வீரகேரளம்புதூருக்கு வந்து, சிற்றாற்றின் இக்கரையில் நிற்பவர் அக்கரை வயலில் நிற்பவரை ‘ஏஏஏலேஏய்’ என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

தந்தியின் மோர்ஸ் குறியீட்டில் புள்ளி ஓர் அளவு, கோடு அதைப்போல் மூன்று மடங்கு. நம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, உயிரளபெடைக்கு மூன்று. எனவே புள்ளி குறில், கோடு அளபெடை. மோர்ஸில் நெடில் இல்லை. ஆபத்தில் இருப்பவனுக்கு நடுத்தரமான குரல் எதற்கு என்று விட்டிருக்கலாம்.

1906-ல் பெர்லினில் கூடிய மாநாடு கப்பல்களுக்கான அபாயக் குறியாக எஸ்.ஓ.எஸ்-ஸை ஏற்றது: மூன்று குறில், மூன்று அளபெடை, மறுபடி மூன்று குறில். இடைவெளிகளைத் தள்ளினால் 15 மாத்திரை. நம் ‘ஐயோ’வுக்கு 4, ‘காப்பாத்துங்க’வுக்கு ஏழரை. சிக்கனத்தில் வெற்றி நமக்கே. எஸ்.ஓ.எஸ். எதற்கும் சுருக்கம் அல்ல. வேறெதனோடும் குழம்பாது என்பதற்காகப் பொறுக்கியது. சுருக்கம் வேண்டுமென்றால் எங்கள் ஊரைப் பாருங்கள்: வீ.கே.புதூர். இது மரூஉ வகை.

இனி விளியின் வகைகள்.

முதலாவது இமை விளி. ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. இதற்கு உதாரணம் காட்ட உரையாசிரியர்களுக்கு வாய்க்காத ஆள், வட வியட்நாமில் சிறைப்பட்ட அமெரிக்கக் கடற்படை விமானி ஜெரமையா டென்டன். 1966-ல் தொலைக்காட்சிக் கேமரா முன் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார்கள். வாய் ஒன்று சொல்லிக்கொண்டிருக்க, கண் மட்டும் விட்டுவிட்டு இமைத்து ‘டார்ச்சர்’ என்று எழுத்துக் கூட்டியது. அந்தச் சொல்லுக்கு மோர்ஸில் 31 மாத்திரை. நூற்பாவை இவ்வளவு எழுத்துப் பிசகாமல் யாரும் கடைப்பிடித்ததில்லை.

இரண்டாவது காசு விளி, அதாவது தபாலாபீஸ் தந்தி. வாழ்த்துவோருக்கு அரசே வாசகம் எழுதி எண்ணும் போட்டுக் கொடுத்திருந்தது. தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண். கெஞ்சுவோருக்கு அந்தச் சலுகை இல்லை. சொந்தச் சொல், சொல்லுக்குச் சொல் காசு. அதனால் நாடு முழுக்க ஒரே வாசகம் நிலைத்தது: ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’. இதை நன்னூலின் வழக்கியல்படி மூன்றாகப் பிரிக்க வேண்டும். அம்மா உண்மையிலேயே படுத்திருந்தால் இயல்பு வழக்கு. அம்மா காலையிலேயே போய்ச் சேர்ந்திருக்க, வருகிற பிள்ளை வழியில் நிலைகுலைந்துவிடக் கூடாதே என்று ‘சீரியஸ்’ போட்டால் மங்கலம். அம்மா திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருக்க, பம்பாயில் இருக்கும் மகனைப் பெண் பார்க்க வரவழைப்பதற்கும், முதலாளியிடம் அவன் லீவு வாங்குவதற்கும் அடித்தால் குழூஉக்குறி. வாசகம் மூன்றுக்கும் ஒன்றே. கம்பிக்கு வேறுபாடு தெரியாது; வாங்கியவன் ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து இலக்கணம் பார்த்துக்கொண்டு வருவான். போலீஸ் ஆளைப் பிடித்துப் போன உடனே முதலமைச்சருக்கும் நீதிபதிக்கும் அடித்த தந்தியும் காசு விளியே. அதில் உதவியைவிட நேரமே முக்கியம். பின்னால் வழக்கு வரும்போது தந்தியில் விழுந்த நேர முத்திரை சாட்சி சொல்லும். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது இந்தப் பயனும் போயிற்று.

மூன்றாவது செவியில்லா விளி. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக், பழைய அபாயக் குறியான சி.கியூ.டி-யையும் புதிய எஸ்.ஓ.எஸ்-ஸையும் மாற்றி மாற்றி அடித்தது. பக்கத்தில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலில் ஒரே ஒரு கம்பியில்லாத் தந்திக்காரர். அவர் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். தொலைவில் இருந்த கார்பேதியா கப்பலின் தந்திக்காரர் இன்னும் படுக்கவில்லை. எழுநூறு பேர் பிழைத்தார்கள். விளியாகிய எட்டாம் வேற்றுமைக்குத் தனி உருபு இல்லை என்று இலக்கணம் சொல்கிறது. 1914-ல் லண்டனில் முடிந்த கடல் பாதுகாப்பு மாநாடு அதற்கு ஓர் உருபு கொடுத்தது: பயணிக் கப்பல்களில் இரவும் பகலும் காது கொடுக்க ஆள்.

கடைசியாக ஒரு புறனடை. தந்தியில் ‘ரிப்ளை பெய்ட்’ என்று ஒன்று இருந்தது. உதவி கேட்பவனே பதிலுக்கும் காசு கட்டிவிடுவான். உறவுக்காரர்களிடம் பணம் கேட்பவர்கள் இதை விரும்பினார்கள். பதில் உடனே வரும், காசு இல்லாமல் வரும்: ‘லெட்டர் ஃபாலோஸ்’.