பெயர்ப் பட்டையின் குதிரைத்திறன்

ஃபார்முலா ஒன் இன்ஜின்களை ஒப்பிடப் புகுந்தவர்கள் எரிபொருள் ஓட்டம், டர்போவின் சுழற்சி, வெப்பத்திறன் என்று உலோகத்துக்குள்ளேயே தேடிக் களைத்துவிட்டார்கள். இன்ஜினுக்குச் சூட்டிய பெயரை எவரும் எடைபோடவில்லை. குதிரைகள் அங்கேதான் கட்டப்பட்டிருக்கின்றன என்பதும், அந்தப் பெயர் கடிகாரக் கம்பெனியுடையதாக இருந்தால் மட்டுமே அவை ஓடும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. 2015இல் ரெனோ இன்ஜினோடு ஓடிய ரெட் புல் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. மனக்கசப்புக்குப் பின், 2016இல் அதே ரெனோவின் 1.6 லிட்டர் வி6 ஹைப்ரிட், டாக் ஹோயர் என்ற கடிகாரக் கம்பெனியின் பெயருக்கு மாறி வந்தது. அந்த ஆண்டு இரண்டு வெற்றி, அடுத்த ஆண்டு மூன்று, 2018இல் நான்கு. அதே இன்ஜினைச் சொந்தப் பெயரிலேயே ஓட்டிய ரெனோ அணி 2016 முழுவதும் சேர்த்தது 8 புள்ளி. ரெட் புல் 468. பெயர் மாற்றாமல் ரெனோவை வாங்கிய மெக்லாரன் 2018இல் மேடையே ஏறவில்லை. இதைவிடச் சுத்தமான சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் நடத்தியிருக்க முடியாது.

சேஸிதான் காரணம், ரெட் புல்லின் வடிவமைப்பாளர் நியூவியின் கைவண்ணம் என்பார்கள். 2015இலும் அதே நியூவி அதே அணியில்தான் இருந்தார். 2016 ஸ்பெயினில் மெர்சிடிஸ் கார்கள் இரண்டும் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டன, மலேசியாவில் முன்னணியில் இருந்த ஹாமில்டனின் இன்ஜின் புகைந்தது, வெறும் அதிர்ஷ்டம் என்பது அடுத்த ஆட்சேபம். நேரம் பார்த்து வந்து நிற்பதுதானே கடிகாரத்தின் குணம்? எந்தப் பெயரை ஒட்டினாலும் பலிக்குமே என்று கேட்பவர்களுக்கு வரலாறு கறாராகப் பதில் சொல்கிறது. 1992 முதல் 1997 வரை ஆறு ஆண்டும் அணிப் பட்டத்தைத் தந்த ரெனோ இன்ஜின், 1998இல் மெக்காக்ரோம் என்றும், பெனட்டனின் ஆடைப் பிராண்டான பிளேலைஃப் என்றும் பெயர் மாறியதும் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. ஃபெராரி இன்ஜினுக்குப் பெட்ரோனாஸ் என்று பெயரிட்டு ஒன்பது பருவம் ஓட்டிய சாபருக்கும், 2001இல் ஏசர் என்று கம்ப்யூட்டர் பெயர் வைத்த ப்ரோஸ்ட் அணிக்கும் அதே கதி. துணியும் எண்ணெயும் கம்ப்யூட்டரும் நேரம் காட்டுவதில்லை.

வலுவான சான்று இன்னும் பழையது. போர்ஷே செய்த டர்போ, டாக் என்ற பெயரில் மெக்லாரனில் ஏறி 1984இல் 16 பந்தயங்களில் 12ஐ வென்றது. 1991இல் போர்ஷே தன் பெயரிலேயே ஃபுட்வொர்க் அணிக்குக் கொடுத்த வி12 ஒரு புள்ளியும் சேர்க்காமல் பருவத்தின் நடுவிலேயே கழற்றப்பட்டது. டாக் நிறுவனம் ஹோயரை வாங்கியதே 1985இல்தான், 1984இல் அது கடிகாரமே செய்யவில்லையே என்று காலக்கணக்கு பார்ப்பவர்கள் குறுக்கிடலாம். பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் இல்லாத வீடு உண்டா? ரெட் புல்லுக்கு ஹோண்டா வந்து டாக் ஹோயர் என்ற பெயர் இன்ஜினிலிருந்து இறங்கிய பிறகும் அந்த அணியின் வெர்ஸ்டாப்பன் 2021 பட்டத்தை வென்றாரே என்பதுதான் மிச்சமுள்ள ஆட்சேபம். இறங்கியது இன்ஜினிலிருந்து மட்டும். விளம்பரமாக அது காரில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆய்வைத் தொடர்வதில்தான் சிக்கல். 2025 முதல் அதே கம்பெனி ஃபார்முலா ஒன் முழுமைக்கும் அதிகாரபூர்வ நேரக் கணிப்பாளர் ஆகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, கடிகாரக் காற்றுப் படாத இன்ஜின் ஒன்றுகூட இனிக் கிடைக்காது.