புலம்பல் சார்

புகார் வேறு, புலம்பல் வேறு. புகாருக்கு ஒரு விலாசம் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகலாம். சென்னைவாசியாக இருந்தால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் போடலாம். புலம்பலுக்கு விலாசம் கிடையாது, அகப்பட்டவர் காதுதான்.

அந்தக் காதுகளைத் தேடித்தான் நம் சார் காலையில் பால் பாக்கெட்டும் கையுமாக வாசலில் நிற்கிறார். "எப்படி இருக்கீங்க சார்?" என்று வாய்தவறிக் கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். "ஏதோ இருக்கேன் போங்க" என்பார். நீங்கள் போக முடியாது.

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கும். சார் மாசிக் கடைசியிலேயே தொடங்கிவிடுவார். "இப்பவே இந்தப் போடு போடுதே, கத்திரியில என்ன ஆகப்போறோமோ!" அந்தக் கத்திரிக்கு நடுவே ஒருநாள் மழை கொட்டி, தெருவே குளிர்ந்துபோய் நிற்கும். சார் மட்டும் மொட்டை மாடியைப் பார்த்து, "வடாம் காயப்போட்டிருந்தோம், அத்தனையும் போச்சு" என்பார்.

உடம்பு விஷயத்தில் அவருக்கு டாக்டர்தான் எதிரி. முழுப் பரிசோதனையும் செய்து எல்லாம் நார்மல் என்று வந்தால், "அவ்வளவு பணத்தையும் வாங்கிட்டு ஒண்ணுமே இல்லைங்கறான்!" கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு உப்பு பத்தாது, அவியலில் தேங்காய் காணாது, அந்தக் காலத்துக் கைமணம் எவனுக்கும் வராது. சொல்லிக்கொண்டே, இலையில் ஓடுகிற பாயசத்தை வழித்து முடித்து, இன்னொரு கரண்டிக்குக் கண் காட்டுவார்.

தெருமுனை விளக்கு எரியவில்லை என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மாடிவீட்டுப் பையன் விவரம் தெரியாதவன், 1913-க்குப் போன் செய்துவிட்டான். விளக்கு எரிந்தது. சார் முகம்தான் இருண்டது. மறுநாள் காலை பையனைப் பிடித்துக்கொண்டார்: "ஏம்ப்பா, வெளிச்சம் நேரா எங்க பெட்ரூம்ல வந்து விழுது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை."

தொல்காப்பியம் புலம்பு என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது. நம் சார் விஷயத்தில் தொல்காப்பியரே தோற்றுப்போவார். தனியாக இருக்கும்போது அவர் வாயே திறப்பதில்லை. ஈஸிசேரில் சாய்ந்து சுகமாகப் பேப்பர் படிக்கிறார். வீட்டம்மாவை அவர் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் வாயைத் திறந்தாலே அந்த அம்மாள் "ஆரம்பிச்சாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குக்கர் விசிலை எண்ணப் போய்விடுவார்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தயவுசெய்து அவரிடம் யோசனை மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம் அதில் என்ன குறை என்பதையும் நின்று கேட்க வேண்டிவரும். "ஆமா சார், காலம் கெட்டுப்போச்சு" என்று ஒன்று போதும். அதையும் வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு சொல்லுங்கள்.