நோட்டீஸ் பீரியட் எவ்வளவு மேடம்?

நேற்று மத்தியானம், உரைமருந்து கொடுத்து, தூளியில் போட்டு, அம்மா ஆட்டோ ஆட்டென்று ஆட்டிய பிறகுதான் என் மகள் கண்ணை மூடினாள். மூடின கையோடு பெங்களூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "ரைட் டைமா மேடம், பேசலாமா?"

பிரசவ விடுப்பில் இருக்கும்போது வேறு வேலைக்கு அப்ளை பண்ணலாமா, கூடாதா? கூடாது என்பதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரண்டாவதுதான் உண்மையில் முக்கியம். முதலாவதைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதலாவது, போன். நம்மில் யார் தீர யோசித்து முடிவெடுத்துவிட்டு ப்ரொஃபைலை அப்டேட் செய்கிறோம்? ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுக்கிறபோது உட்கார்ந்தபடியே தூங்கிவிடக் கூடாதே என்று ஒற்றைக் கையால் 'ஸ்கில்ஸ்' பகுதியில் ஒரு வரி சேர்ப்போம். 'போட்டு வைப்போம், வந்தா பார்த்துக்கலாம்.' விடிவதற்குள் நாட்டிலுள்ள அத்தனை கன்சல்டன்டுகளுக்கும் நான் கம்பெனியை விட்டுக் கிளம்பிவிட்டதாகத் தகவல் போய்விடுகிறது.

எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தான். மொத்த அனுபவம் எவ்வளவு, அதில் ரெலவன்ட் எவ்வளவு, கரன்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி, நோட்டீஸ் பீரியட். பாதிக்கு மேல் ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் குசுகுசுவென்று பதில் சொல்வேன். "வாய்ஸ் பிரேக் ஆகுது மேடம், சிக்னல் இருக்கிற இடத்துக்கு வாங்க." அடுப்படிக்குப் போனால் அம்மா பூண்டுக் குழம்புக்கு மிக்ஸி போடுகிறாள். புறவாசலுக்குப் போனால் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்ட சேதியை ஊருக்கே அறிவிக்கிறது. "ஆபீஸ்லயா மேடம் இருக்கீங்க?" என்றார் பெங்களூர்க்காரர். ஆமாம் என்றேன்.

இந்த நோட்டீஸ் பீரியடைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு 90 நாள். என் துறையில் பலருக்கும் அதுதான். ஆனால் எந்த கிளையண்டுக்கும் 'இமீடியட் ஜாயினர்'தான் வேண்டும். பெண் கொடுக்கும்போது வரதட்சணை ஒழிப்பு பேசிவிட்டு, எடுக்கும்போது பவுன் கணக்கு கேட்கிற வீடு மாதிரி, தன் ஆளை மூன்று மாதம் கட்டிப்போடுகிற கம்பெனிக்கு அடுத்தவன் ஆள் மட்டும் வருகிற திங்கட்கிழமையே வந்து நிற்க வேண்டும். "பை-அவுட் பண்ணிக்கலாமா? மேனேஜர்கிட்ட பேசி எர்லி ரிலீஸ் வாங்கலாமா? லீவ் பேலன்ஸை அட்ஜஸ்ட் பண்ணலாமா?" லீவ் பேலன்ஸா! "சார், நான் மெட்டர்னிட்டி லீவில் இருக்கிறேன்" என்றேன்.

சத்தமே இல்லை. இப்போது நிஜமாகவே சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

"ஓ. கங்கிராட்ஸ் மேடம். செக் பண்ணிட்டு கூப்பிடுறேன்."

அப்படிச் சொன்ன எவரும் இன்றுவரை கூப்பிடவில்லை. அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. 1961ஆம் வருஷ மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, 12 வாரத்தை 26 வாரம் ஆக்கினார்கள். நல்ல திருத்தம், அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என்னைப் போல இஎஸ்ஐயில் வராதவர்களுக்கு அந்தச் சம்பளம் முழுவதும் கம்பெனியின் தலையில். அரசாங்கம் ஒரு பைசா போடாது. விடுப்புக் காலத்தில் வேறு எங்காவது வேலை பார்த்தால் அந்த நாட்களுக்கான பணம் போய்விடும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அப்ளை பண்ணினால் என்ன போகும் என்று அதில் இல்லை. தூக்கம் என்று நானே சேர்த்துக்கொண்டேன்.

சித்தி சட்டம் படித்தவள் இல்லை. ஆனாலும் போன வாரம், "ரெண்டாவதையும் இங்கனயே கையோட பெத்துட்டு, பெறவு மாறுட்டி" என்றாள். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தக் கம்பெனியில் 80 நாளாவது வேலை பார்த்திருந்தால்தான் சலுகை என்கிற விதியைத் தேடிப் பார்த்தேன். சித்தி கணக்கு சரிதான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது என் வீட்டுக்காரர் வேலை மாறினார். அவருக்கும் இதே கேள்வித்தாள்தான். அப்பாவாகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது எதிர்முனையில் சத்தம் நிற்கவில்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கூடக் கொடுத்தார்கள். "பொறக்கும்போதே யோகத்தோட வருது" என்று என் மாமியார் சுற்றிப் போட்டார். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டுக்காரரிடம் ஒரு ஆள் கேட்கவில்லை. என்னிடம் கூரியர்காரர் கேட்டுவிட்டார்.

"ஏட்டி, பச்ச ஒடம்புக்காரி போனையே நோண்டிக்கிட்டு கெடந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று அம்மா ஒரு பக்கம். விட்டால் மார்க்கெட்டில் பின்தங்கிவிடுவாய் என்று ஆபீஸ் தோழிகள் இன்னொரு பக்கம். சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்த வீட்டுக்காரர், தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பிக் கொஞ்சிவிட்டு, அழுததும் என் கையில் கொடுத்தார். "ஒரு அப்ளிகேஷன்தானே, போட்டு வையேன். இப்பதான் உனக்கு டைம் இருக்கு" என்றார்.

என் இரண்டாவது காரணத்தைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. புறவாசலில் மூத்திரத் துணி ஊறிக்கொண்டிருந்த வாளியைக் காட்டினேன். கூர்ந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்து, ஃப்ரன்ட் லோடா டாப் லோடா எது நல்லது என்று போனில் தேட ஆரம்பித்தார்.