பாட்டியின் முகமும் தூரத்து யந்திரமும்

கேள்வி: ரப்பர் தோட்டக் காலத்தில் எடுத்த எங்கள் பாட்டியின் படத்தைக் கரையான் அரித்துவிட்டது. படத்தைத் திருத்தும் ஃபோட்டோஷாப் மென்பொருள் என் கணினியில்தான் இருக்கிறது. ஆனால் இணையம் நின்றால் அதன் ஏஐ கருவியும் நின்றுவிடுகிறதே, ஏன்?
- வாசகர், சிம்பாங் பூலாய்

பதில்: மென்பொருள் உங்கள் மேஜைக்கு வந்துவிட்டது, அதன் புது மூளை மட்டும் கம்பெனியார் வீட்டை விட்டுப் புறப்படவே இல்லை. 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், கீறலையும் கறையையும் பக்கத்து நிறத்தைக் கொண்டே மூடும் தூரிகைகளை உங்கள் கணினியின் சக்தியாலேயே நடத்திவர, 2023-இல் வந்துசேர்ந்த ஜெனரேட்டிவ் ஃபில் என்னும் கருவியோ, நீங்கள் குறித்த பகுதியை அதன் கம்பெனியாரான அடோபியின் சர்வர்களுக்கு அனுப்பி, அங்கே ஃபயர்ஃப்ளை என்னும் ஏஐ சிருஷ்டித்துத் தருவதைப் பெற்று ஒட்டுகிறது. ஆகவே இணையம் அறுந்தால் அதன் கையும் அறுந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய விசாரம் ஒன்றுண்டு. கரையான் தின்ற கன்னத்தை நிரப்பும் அந்த யந்திரம் உங்கள் பாட்டியைக் கண்டதே இல்லையாதலால், தான் கற்ற எண்ணற்ற படங்களின் சாயலிலிருந்து ஓர் அழகிய முகத்தைக் கற்பித்துத் தந்துவிடும். உங்கள் சந்ததியார் யாரோ ஓர் அந்நிய ஸ்திரீக்கு மாலை சாத்துவார்கள். ஆகையால் படத்தை ஸ்கேன் செய்து, தொடாத பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். கீறல்களை, முன்சொன்ன தூரிகைகளில் ஒன்றான ஹீலிங் பிரஷ்ஷினாலோ, இணையமே வேண்டாத இலவச கிம்ப் மென்பொருளினாலோ நீக்குங்கள். பின்னணியில் அழிந்த ரப்பர் மரத்தை வேண்டுமானால் யந்திரம் வரையட்டும். முகத்துக்கு மட்டும், ஈப்போவிலும் கம்பாரிலும் உள்ள உறவினர் வீடுகளில் அதே படத்தின் வேறு பிரதி கிடைக்குமா என்று ஒரு நடை போய்க் கேட்டுவாருங்கள்.